எழுபத்தைந்து கிலோவில் ஒரு பாறை

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் கொடைக்கானல் மலை தெரியும். மழை விட்ட மறுநாள் காலையில் அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அந்த மலைமேல்தான் குணா குகை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று பெயர். கமல்ஹாசன் நடித்த ‘குணா’ 1991இல் வெளிவந்த பிறகு பழைய பெயரைச் சொல்வோர் குறைந்துபோனார்கள். 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோது, அந்தக் குழிக்குள் ஒரு பையன் விழுவதைப் பார்த்துத் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஈரம் வழியும் கரும்பாறை, இரண்டு பாறைக்கு நடுவே உடம்பு மட்டும் நுழையும் இடுக்கு, கைவைத்தால் வழுக்கும் பாசி. படம் முடிந்து வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் பயந்த அந்தப் பாறைகளில் பெரும்பங்கு மலையில் இல்லை என்று. கேரளத்தில் பெரும்பாவூரில் ஒரு கிட்டங்கிக்குள் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரியின் குழு கட்டிய செட் அது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. தினமும் நிஜப் பாறையைப் பார்த்து வளர்ந்த கண்ணை ஏமாற்ற, செய்யப்பட்ட பாறையில் என்ன இருக்க வேண்டும்? பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒரு பாறை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது, பழுப்புத் தாளைக் கசக்கி ஒட்டும் வழக்கமான வேலையை விட்டுவிட்டு, தெர்மாகோலும் சிமென்ட்டும் கொண்டு நாங்களே ஒன்றைச் செய்து பார்த்தோம்.

முதலில் கணக்கு. 1 மீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டைப் பாறையை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல். நம் மலைக் கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ எடை இருக்கும். ஆக அந்த உருண்டை சுமார் 1,400 கிலோ. ஒரு சிறிய காரை விட அதிகம். அதே உருண்டையைத் தெர்மாகோலில் செய்தால்? கடையில் கிடைக்கும் சாதாரணத் தெர்மாகோல் கன மீட்டருக்கு 16 கிலோ அளவில் இருக்கும். உருண்டை 8 கிலோ சொச்சம்தான். பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் மணிகளுக்குள் பென்டேன் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தைச் சிறைவைத்து, நீராவி காட்டிப் பொரியவைப்பதுதான் தெர்மாகோல். நெல்பொரி போலத்தான். பொரிந்து ஒட்டிக்கொண்ட பிறகு அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. இதன்மேல் 1 சென்டிமீட்டர் கனத்துக்குச் சிமென்ட் பூசினால் அந்தப் பூச்சு மட்டும் 65 கிலோ ஆகிறது. மொத்தம் 75 கிலோ அளவில் வருகிறது. நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் மேடைக்கு நகர்த்திவிடலாம். எடையில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் அந்த ஒரு சென்டிமீட்டர் தோலில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்தத் தோலுக்குள்தான்.

உள்ளே ஒன்று, வெளியே வேறொன்று என்பது நமக்குப் புதிதல்ல. கோபுரத்துப் பொம்மைகள் பெரும்பாலும் செங்கல்லின்மேல் சுதை பூசி உருவாக்கியவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து ஸ்தபதிகள் செய்த தோல் அது. எங்கள் பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையும் இப்படித்தான், ஆனால் தலைகீழாக. 1895இல் கட்டி முடித்த அந்த அணைக்கு முன்னும் பின்னும் கருங்கல் கட்டுமானம், நடுவயிற்றில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரை. அங்கே கல் வெளியே, கலவை உள்ளே.

சிமென்ட்டால் பாறை செய்வதற்குத் தனி வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜேம்ஸ் புல்ஹாம் குடும்பம் உடைகற்களைக் குவித்து, தங்களுக்கே உரிய சிமென்ட்டைப் பூசிப் பணக்காரர்களின் தோட்டங்களில் குன்றுகளை எழுப்பியது. ‘புல்ஹாமைட்’ என்றே அந்தப் பூச்சுக்குப் பெயர் வந்துவிட்டது. பாரீஸில் 1867இல் திறந்த பூட் ஷோமோன் பூங்காவின் குகையில் தொங்கும் கூம்புகளும் சிமென்ட்தான். அதே 1867இல் பிரான்சில் ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர், கம்பி வலையின்மேல் சிமென்ட் பூசிப் பூந்தொட்டி செய்ய உரிமம் வாங்கினார். தோட்டங்களுக்குப் பாறைகளும் செய்தார். இன்று நம் வீட்டுக் கூரையைத் தாங்கும் கம்பி போட்ட கான்கிரீட்டின் முன்னோடிகளில் அவர் ஒருவர். தோட்டத்து அலங்காரத்திலிருந்து பாலமும் மாடிவீடும் வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஜெர்மனியில் ஹாகன்பெக் என்பவர் 1907இல் திறந்த விலங்குக் காட்சிச் சாலையில் கம்பிக் கூண்டுகளை எடுத்துவிட்டு, செயற்கைப் பாறைக்கும் அகழிக்கும் நடுவே சிங்கங்களை விட்டார். பார்த்தவர்கள் காட்டிலேயே நிற்பதாக உணர்ந்தார்கள்.

வேலைக்கு வருவோம். கத்தியை எடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று: போய்ப் பாறையைப் பார்ப்பது. நான் பிள்ளைகளை மூன்று இடங்களுக்கு அழைத்துப் போனேன்.

முதலில் ஊரை ஒட்டி ஓடும் முல்லையாறு. தண்ணீர் குறைந்த நாளில் இறங்கினால் ஆற்றுக் கற்களைத் தடவிப் பார்க்கலாம். எந்தப் பக்கமும் கூர் இல்லை. எல்லாம் உருண்டு வழவழப்பாக இருக்கும். இரண்டாவது பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கும் கும்பக்கரை அருவி. அங்கே பாறையில் பானை பானையாகக் குழிகள் உண்டு. ஊரில் அவற்றைக் கெஜம் என்பார்கள். யானை கெஜம், பாம்பு கெஜம் என்று தனித்தனிப் பெயரும் உண்டு. வெள்ளம் வரும்போது பள்ளத்தில் சிக்கிய கூழாங்கற்கள் சுழன்று சுழன்று, அம்மிக்குழவி போல அரைத்துக் குடைந்த குழிகள் அவை. மூன்றாவது, கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி. அங்கே கல்லுக்குக் கத்தி போல் விளிம்பு. வெடிவைக்கத் தமர் போட்ட இடத்தில் பாதிக் குழாய் போன்ற நேர்கோட்டுப் பள்ளம் நிற்கிறது.

மூன்றும் ஏறத்தாழ ஒரே இனக் கல்தான். இந்தப் பகுதியில் சார்னோக்கைட் என்ற கருமையான, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் கல் நிறைய. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இந்த வகை என்பதால் நிலவியலாளர் ஹாலந்து அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். அந்தக் கல் போனதோ நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து. கல் ஒன்று, முகம் மூன்று. முகத்தைத் தீட்டியது தண்ணீரா, சுழன்ற கூழாங்கல்லா, வெடியா என்பதில்தான் வேறுபாடு. போலிப் பாறைகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்: ஆற்றுக்கல்லின் உருட்சியும் குவாரிக் கல்லின் கூரும் ஒரே உருவத்தில் கலந்திருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ‘என்னமோ சரியில்லை’ என்று கண் சொல்லிவிடும்.

மலைச்சரிவில் கிடக்கும் பெரும்பாறைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன? அவற்றை எந்த ஆறும் உருட்டவில்லையே. பூமிக்குள் இருக்கும்போதே பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் ஓடி, அது பெரிய கட்டிகளாகப் பிரிந்திருக்கும். வெடிப்புகளில் மழைநீர் இறங்கிக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். கட்டியின் தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது. விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து தாக்குகிறது. மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் தாக்குகிறது. அதனால் மூலை முதலில் கரைகிறது, அடுத்து விளிம்பு, கடைசியாக முகம். பெட்டி உருண்டையாகிறது. பிறகு மேல் மண் அரித்துப்போய் வெளியே தலைகாட்டும்போது வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியவும் செய்கிறது.

தெர்மாகோலைச் செதுக்கும் வரிசையை நான் இதிலிருந்துதான் கற்றேன். எடுத்த எடுப்பில் உருண்டையாகச் சீவினால் அது பூசணிக்காய் ஆகிவிடும். என் முதல் முயற்சி அப்படித்தான் ஆயிற்று. முதலில் பெட்டியாக வெட்ட வேண்டும். அதில் ஓரிரண்டு வெடிப்புக் கோடுகளை முழு நீளத்துக்கும் இறக்க வேண்டும். ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் நல்லது, நிஜப் பாறையில் அப்படித்தான் ஓடும். அப்புறம் மூலையை மழுக்கி, விளிம்பைத் தேய்த்து, முகத்தைத் தொட்டும் தொடாமல் விட வேண்டும். கடைசியில் ஒரு பக்கம் மட்டும் தோல் உரிந்தது போல ஒரு படி. மழை ஆயிரமாயிரம் ஆண்டுகளில் செய்த வரிசையிலேயே போனால், ஒரு பிற்பகலில் கட்டி பாறையாகிறது.

புதுத் தெர்மாகோல் வாங்க வேண்டியதில்லை. டிவி, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளில் இருந்து வந்ததைச் சேர்த்தோம். அது மக்காத பொருள்; தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு வந்த தடையில் தெர்மாகோல் தட்டும் குவளையும் அடக்கம். குப்பைமேட்டுக்குப் போகவிருந்தது பாறையின் வயிற்றுக்குள் போனதில் எனக்கு மகிழ்ச்சி. துண்டுகளை ஒட்ட ரப்பர் சொல்யூஷனைத் தொடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைப் பஞ்சுமிட்டாய் போலக் கரைத்துவிடும். பெட்ரோலும் தின்னரும் அப்படியே. வெள்ளை ஃபெவிகால் போதும், காய ஓர் இரவு கேட்கும். செதுக்க ஹாக்ஸா பிளேடும் கம்பித் தூரிகையும் போதுமானவை. சூடேறிய நிக்ரோம் கம்பியால் வெண்ணெய் போல வெட்டலாம், ஆனால் எழும் புகை நெஞ்சுக்கு ஆகாது. திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

இனி தோல். சிமென்ட் கலவை தெர்மாகோலில் நேரடியாக ஒட்டாது, வழுக்கி இறங்கும். அதனால் உருவத்தின்மேல் கண்ணாடி நார் வலையைச் சுற்ற வேண்டும். சுவர் வெடிப்புக்கு ஒட்ட ஹார்டுவேர் கடையில் விற்கும் வலைதான். அதிலும் காரத்தைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஈரச் சிமென்ட் கடுமையான காரம். அதன் பிஎச் அளவு 12.5ஐத் தாண்டும், சாதாரணக் கண்ணாடி நாரை நாளடைவில் தின்றுவிடும். கையுறை இல்லாமல் பிசைந்தால் விரல் இடுக்கு புண்ணாவதும் இந்தக் காரத்தால்தான். வலை கிடைக்காவிட்டால் கோழிவலை, அதுவும் இல்லாவிட்டால் சிமென்ட் பாலில் தோய்த்த சணல் சாக்கு. முதல் கை, சிமென்ட்டைக் கூழாகக் கரைத்துத் தூரிகையால் அடிப்பது. ஒட்டுப் பிடிக்க இதில் லேட்டக்ஸ் பால் கொஞ்சம் சேர்ப்பார்கள். இரண்டாவது கை, 1 பங்கு சிமென்ட்டுக்கு 2 அல்லது 3 பங்கு சலித்த மணல்.

எனக்கு உதவிக்கு வந்தவர் எங்கள் தெருக் கொத்தனார். முப்பது வருடமாகச் சுவர் பூசுகிறவர். கலவையை அள்ளி வைத்ததும் கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்து வழவழப்பாக்கிவிட்டார். வேண்டாம் என்றேன். மறுபடி வைத்தார், மறுபடி வழவழப்பு. “கை தானா மட்டம் பாக்குது சார், நான் என்ன செய்ய?” என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கசக்கிய பாலிதீன் பையால் ஒற்றி எடுங்கள் என்றேன். ஒற்றினார். சிமென்ட்டில் கல்லின் நுண்சுருக்கம் அப்படியே எழுந்தது. பத்து நிமிடத்தில் அவரே கல் உப்பைத் தூவி அழுத்த ஆரம்பித்துவிட்டார். காய்ந்ததும் கழுவினால் உப்பு கரைந்து, அம்மைத் தழும்பு போன்ற குழிகள் நிற்கும். ஒற்றுவதற்கும் கீறுவதற்கும் தோதான நேரம் குறுகியது. நம் நாட்டுத் தர அளவின்படி சாதாரணச் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். இந்த இடைவெளியில், விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது என்ற பதம் ஒன்று வரும். வெடிப்புகளைக் கூராக்கவும் படிகளைச் சீவவும் அதுதான் வேளை.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். வேலையை வைத்துக்கொண்டது ஆடி மாதத்தில். தென்மேற்குக் காற்று மலைத்தொடரின் இடைவெளி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் புகுந்து வீசும் காலம். காற்றாலைகள் சுற்றித் தீர்க்கும். பூசிய பாறையை மாடியில் திறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். மாலையில் பார்த்தால் மேலெங்கும் சிலந்திவலை போல வெடிப்பு. சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. அது தண்ணீரோடு வினைபுரிந்து, ஊசி ஊசியாகவும் தகடு தகடாகவும் புதுப் படிகங்களை வளர்த்துக்கொண்டு கெட்டியாகிறது. வினை முடியும் முன் காற்று நீரைப் பறித்துக்கொண்டால், மேல்தோல் சுருங்கும். உள்ளே வலையைப் பிடித்திருக்கும் அடித்தோலோ சுருங்காது. இழுபறியில் மேல்தோல் கிழிகிறது. சுவரில் இவ்வளவு நேர்வதில்லை, ஏனெனில் சுவர்ப் பூச்சுக்குப் பின்னால் நனைத்த செங்கல் இருக்கிறது, நீரைக் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும். தெர்மாகோலிடம் கொடுக்க ஒரு சொட்டும் கிடையாது. அடுத்த பாறையை ஈரச் சாக்கால் மூடி, அதன்மேல் பாலிதீன் போர்த்தி, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். தட்டினால் கணீர் என்றது.

நிறத்துக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் பாறை பொம்மையாகிவிடும். ஹார்டுவேர் கடையில் பொடியாக விற்கும் ரெட் ஆக்சைடு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்றும் இரும்பின் ஆக்சைடுகள். மலைப்பாறையில் காவிக்கறை படிவதும் கல்லுக்குள் இருக்கும் இரும்பு துருவேறுவதால்தான். ஆக, இயற்கை பூசிய அதே பொருளைத்தான் நாமும் பூசுகிறோம். சிமென்ட்டின் காரமும் இதை வெளுக்கச் செய்யாது. முதலில் கறுப்பை நீர்க்கக் கரைத்துப் பாறை முழுக்க ஊற்ற வேண்டும். அது தானாக ஓடி வெடிப்புகளில் தங்கிவிடும். தங்கியதை விட்டுவிட்டு மேட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் ஆழம் வந்துவிடும். பிறகு காவியும் மஞ்சளும் அங்கங்கே, தண்ணீர் வழியும் திசையில் மேலிருந்து கீழாக மட்டும். கடைசியாக ஏறக்குறைய காய்ந்த தூரிகையில் வெளிர்சாம்பல் தொட்டு மேடுகளில் உரசினால், காலை வெயில் பட்டாற்போல் இருக்கும். ஒரு பிள்ளை சுண்ணாம்பும் பச்சையும் குழைத்துப் பாறைப்பாசி வட்டங்களை வைத்தாள். அவள் மட்டும்தான் கும்பக்கரையில் அவற்றைக் குனிந்து பார்த்திருந்தாள்: ஓரம் வெளுத்தும் நடு கறுத்தும் இருந்தன என்று அவளே சொன்னாள்.

உருவம் சரியாக இருந்தாலும் அசைவு காட்டிக்கொடுக்கும். ‘முதல் மரியாதை’யில் சிவாஜி கணேசன் கல்லைத் தூக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1985இல் எடுத்த படம். அந்தக் கல்லின் எடையை நாம் கல்லில் பார்க்கவில்லை. அவர் கழுத்து நரம்பில், பின்வாங்கும் காலில், அடக்கிய மூச்சில் பார்த்தோம். எங்கள் நாடகத்தில் பாறைமேல் சாய்ந்த பையன், அது ஆடிவிடக் கூடாதே என்று பயந்து மெல்லச் சாய்ந்தான்; பாறை பொய்யாகிவிட்டது. அடிப்பகுதியைக் குடைந்து மணல்மூட்டை வைத்த பிறகு பயமில்லாமல் சாய்ந்தான்.

மேடை முடிந்ததும் பாறையைப் பள்ளித் தோட்டத்துத் தாமரைத் தொட்டியில் வைக்கலாம் என்றார்கள். நான் மறுத்தேன். கணக்கு அப்படி. முழுதாக மூழ்கினால் அது சுமார் 555 கிலோ நீரை விலக்கும். மணல்மூட்டை நீங்கலாகத் தன் எடையோ 75 கிலோ. மீதி 480 கிலோ மேல்நோக்கி உந்தும். கட்டிப்போடாவிட்டால் பந்து போல மேலே வந்து மிதக்கும். தெர்மாகோலுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள உறவை எங்கள் மாவட்டம் நேரில் கண்டிருக்கிறது. 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரைக்குத் தள்ளிவிட்டது. நீரில் வைக்கும் பாறை என்றால் அடியில் கான்கிரீட் பாதம் போட்டுக் கம்பியால் பிணைக்க வேண்டும். மீன்தொட்டிக்கு என்றால் இன்னொரு கவலையும் உண்டு: புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தை ஏற்றிவிடும். பல வாரம் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே மீனை விடலாம்.

இப்போது பாறை தோட்டத்தில் வேப்பமரத்தடியில், தரையில் இருக்கிறது. பாசி வளர வேண்டுமென்று பிள்ளைகள் முதல் மாதமே மோரும் சாணிக் கரைசலும் தெளித்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. அந்தக் காரத்தில் பாசியால் பற்றி வளர முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து சிமென்ட்டின் மேல்தோலில் இருக்கும் சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக மாற்ற வேண்டும். காரம் அப்போதுதான் இறங்கும். இடையில் பாறைமேல் வெள்ளைப்பூ பூத்தது. அது சுண்ணாம்பு வெளியேறிய தடயம், தேய்த்துக் கழுவினோம். ஐப்பசி அடைமழை போய், மறு வருட மழையும் தொடங்கிய பிறகு, குழாயடித் தண்ணீர் சிதறும் வடக்குப் பக்கத்து வெடிப்பில் ஒரு நகக்கண் அளவுக்குப் பச்சை பிடித்திருக்கிறது. நாங்கள் ஆழமாகக் கீறிய முதல் வெடிப்பு அது.